ராகு காலத்துக்கு முன்பே ஏர்போர்ட்டுக்கு

எங்கள் வீட்டில் யாரும் விமானத்தைத் தவறவிட்டதில்லை. தவறவிட முயன்றாலும் முடியாது. சாயங்காலம் ஏழு மணி விமானத்துக்குப் பகல் இரண்டு மணிக்கே போய் உட்கார்ந்திருக்கிற குடும்பம் எங்களுடையது. காரணம் ராகு காலம். டிக்கெட் விற்கிறவன் அதையெல்லாம் பார்த்து நேரம் போடுவதில்லை. அதனால் நாங்கள்தான் வளைந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. விமானம் எப்போது வேண்டுமானாலும் பறக்கட்டும், வீட்டு வாசலை மட்டும் நல்ல நேரத்தில் தாண்டிவிட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். தாண்டிவிட்டால் போதும், அப்புறம் ராகு வந்து கதவைத் தட்டினாலும் நாங்கள் ஹைவேயில் இருப்போம்.

மலாக்காவில் எங்கள் வீடு புக்கிட் காத்திலில் இருக்கிறது. அங்கிருந்து சிப்பாங் ஏர்போர்ட்டுக்குக் காரில் ஒன்றரை மணி நேரம். ஆக, ஒவ்வொரு முறையும் எங்களுக்கு ஏர்போர்ட்டில் அரை நாள் மிச்சமாகக் கிடைக்கும். அந்த அரை நாளில்தான் எனக்கும் அம்மாவுக்கும் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. மனிதர்களை வேடிக்கை பார்க்கிற பழக்கம்.

நாங்கள் வீட்டில் இரண்டே பேர். அப்பா போய்ப் பல வருஷமாகிறது. தம்பி பெர்த்தில் எஞ்சினியர், அங்கேயே கல்யாணம், இரண்டு பிள்ளைகள். நான் ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, செங்கில் ஒரு தொழிற்சாலையின் ஆபீசில் வேலை. அம்மா ஜாசினில் ஒரு பள்ளிக்கூட கேண்டீனை நெடுநாள் நடத்தியவர். தம்பி முதன்முதலில் பெர்த்துக்குப் படிக்கப் போனபோது ஒரு வேன், அதன் பின்னால் இரண்டு கார் என்று ஊரே வழியனுப்ப வந்தது. அவன் உள்ளே போன பிறகு ஏர்போர்ட் தரையில் பாயை விரித்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை எல்லோரும் சாப்பிட்டோம். காவலாளி வந்து பார்த்தார். அம்மா அவருக்கும் ஒரு பொட்டலம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவனை அழைக்க, அனுப்ப, அவன் மனைவியை அழைக்க, பிள்ளைகளை அனுப்ப என்று எத்தனையோ முறை. வேன் சிறுத்து, காராகி, கடைசியில் நானும் அம்மாவும் மட்டும் என்றானது. எங்களுக்கு அதில் வருத்தமில்லை. ஆள் குறைந்தால் வேடிக்கை பார்க்க வசதி.

விளையாட்டு இதுதான். எதிர் வரிசையில் யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் யார், யாருக்காக வந்திருக்கிறார், அடுத்து என்ன நடக்கும் என்று ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும். யார் கதை தோற்கிறதோ அவர் போய் வரிசையில் நின்று, இழுத்து ஆற்றின டீயான தே தாரேக் வாங்கி வர வேண்டும். பெரும்பாலும் நான்தான் வரிசையில் நிற்பேன். ஏனென்றால் எனக்கு வாயைத் திறந்தால் கெட்டதுதான் வரும். அம்மாவுக்கு நல்லது தவிர வேறொன்றும் வராது. ஏர்போர்ட்டில் அம்மா பக்கம்தான் அதிகம் ஜெயிக்கும். வெளியே எப்படியோ, எனக்குத் தெரியாது.

ஒருமுறை வருகைக் கூடத்தில் ஒரு சீனப் பையன் பூங்கொத்தோடு நின்றான். நின்றான் என்பது தப்பு, உலாத்தினான். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் பூவை உயர்த்துவான், மூடியதும் இறக்குவான். “அவ வரமாட்டாம்மா. ஏமாத்திட்டா” என்றேன். “வாய மூடு. புது சப்பாத்து போட்டுக்கிட்டு வந்திருக்கான் பாரு. காலக் கடிக்குது, இருந்தாலும் போட்டிருக்கான். அவனுக்கு வராம யாருக்கு வருவா” என்றார் அம்மா. கடைசியில் கதவைத் திறந்துகொண்டு அவனுடைய அம்மா வந்தார். குட்டையாக, பெரிய பெட்டியோடு. பூவை வாங்கிக்கொண்டு காசை ஏன் வீணாக்கினாய் என்று அவனைத் திட்டித் தீர்த்தார். திட்டிக்கொண்டே பூவை மோந்து பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் தோற்றோம், இரண்டு பேரும் போய் வரிசையில் நின்றோம்.

இன்னொருமுறை புறப்பாட்டுக் கூடத்தில் நம் ஆட்கள். பெட்டி எடை கூடிவிட்டது. மகளைப் படிக்க அனுப்புகிற தாய் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெட்டியைத் திறந்துவிட்டார். மகள் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கிறாள், தாய் ஒவ்வொன்றாக உள்ளே வைக்கிறார். கடைசியில் குளிர் சட்டை வெளியே வந்தது, மிளகாய்த்தூள் உள்ளே போனது. “குளுர்ல என்னம்மா பண்ணுவா” என்று நான் சிரித்தேன். “சாப்புடுவா” என்றார் அம்மா.

இதில் என்ன இன்பம் என்று ஆபீசில் கேட்பார்கள். எனக்கு விளக்கத் தெரியாது. பாசாரில் மனிதர்கள் விலையைப் பார்க்கிறார்கள், பஸ்ஸில் போனைப் பார்க்கிறார்கள். ஏர்போர்ட்டில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். மூன்று பிள்ளை பெற்ற புருஷன் பெண்டாட்டி வீட்டில் கையைப் பிடித்துக்கொள்வார்களா? இங்கே பிடித்துக்கொள்கிறார்கள். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்தவள், அவன் உள்ளே போகிற நேரத்தில் சட்டைக் காலரைச் சரி செய்துவிடுகிறாள். எனக்குப் பொதுவாக மனிதர்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் அந்தக் கூடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கொஞ்சம் வந்துவிடுகிறது.

போன வருஷம் தம்பி போன் செய்தான். அம்மாவுக்கு வயதாகிறது, இங்கே வந்து இருக்கட்டும் என்றான். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். “மொதல்ல மூணு மாசம் இருக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம் லா” என்றான். அந்த ‘அப்புறம் பாத்துக்கலாம்’ எனக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாகிவிட்டது. அம்மாவிடம் கேட்கலாம். கேட்கவில்லை. போகாதீர்கள் என்று சொன்னால் பேரப்பிள்ளைகளிடமிருந்து பிரித்த பாவம் எனக்கு. போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மாவோ காலண்டரை எடுத்துப் பார்த்து, வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகு காலம், பன்னிரண்டரைக்கே கிளம்பிவிடலாம் என்று மட்டும் சொன்னார்.

கிளம்பும் வாரத்தில் அம்மா செய்த காரியங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. அலமாரியைத் திறந்து சேலைகளில் பாதியைப் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குக் கொடுத்தார். வியாழக்கிழமை காலையில் நான் குளித்துவிட்டு வந்தால், தன் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டி, துடைத்து, கட்டில் விரிப்பை உதறி மடித்து வைத்தார். எங்கள் வீட்டில் ஒருவர் ஊருக்குக் கிளம்பினால் அவர் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை வீட்டைக் கூட்ட மாட்டோம். ஆள் போன கையோடு கூட்டுவது திரும்பி வராதவர்களுக்குச் செய்வது. தம்பி போன ஒவ்வொரு முறையும், அவன் பெர்த்திலிருந்து கூப்பிடுகிறவரை விளக்குமாற்றைத் தொடவிடாதவர் அம்மா. அவரே இப்போது, போகிற ஆளே, தன் அறையைக் கூட்டிக்கொண்டு போகிறார் என்றால் என்ன அர்த்தம்? ஒன்றுதான் அர்த்தம் என்று நான் முடிவு செய்துவிட்டேன். வழியெல்லாம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

ஏர்போர்ட்டில் வழக்கம்போல அரை நாள் இருந்தது. எங்களுக்கு எதிரே மெக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிற கூட்டம் ஒன்று. எல்லோரும் ஒரே பூப்போட்ட பாத்திக் சட்டை, கழுத்தில் ஒரே மாதிரி அட்டை. போகிறவர்கள் இருபது பேர் இருந்தால் வழியனுப்ப வந்தவர்கள் அறுபது. ஒரு கம்போங், கிராமமே திரண்டு வந்ததுபோல் இருந்தது. இவர்களும் நம்ம ஜாதிதான் என்று அம்மா சந்தோஷப்பட்டார். அங்கே ஒரு கிழவர் யாரும் பார்க்காதபோது அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். அவர் மகன் எடுத்து மாட்டிவிட்டான். மறுபடியும் கழற்றினார்.

“அவருக்குப் போக இஷ்டமில்ல. புடிச்சுத் தள்ளுறாங்க” என்றேன்.

“இல்ல. கழுத்துல சங்கிலி மாதிரி மாட்டுனா யாருக்குப் புடிக்கும். அவ்வளவுதான்” என்றார் அம்மா.

கொஞ்ச நேரத்தில் கூட்டத்தை எழுப்பினார்கள். முதல் ஆளாக எழுந்து ஓடியவர் அந்தக் கிழவர்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு தே தாரேக் வாங்கப் போனேன்.

வரிசை நீளம். இரண்டு கையிலும் கப்போடு திரும்பியபோது என் நாற்காலியில் ஒரு மலாய்க்கார அம்மாள், மக்சிக் ஒருவர், உட்கார்ந்திருந்தார். வழியனுப்ப வந்த கூட்டத்தைச் சேர்ந்தவர், அம்மா வயது இருக்கும். இரண்டு பேரும் எனக்கு முதுகு காட்டி மலாயில் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் மலாய் பாசார் மலாய்தான், ஆனால் தங்குதடையில்லாமல் போகும்.

“ரொம்ப நேரமா உங்க ரெண்டு பேரையும்தான் பாத்துக்கிட்டிருக்கேன்” என்றார் அந்த மக்சிக். “யாரு போறீங்க, யாரு அனுப்ப வந்தீங்கன்னு கண்டுபிடிக்க முடியல. ரெண்டு மொகமும் அனுப்ப வந்த மொகமா இருக்கு.”

நான் நின்றுவிட்டேன். இத்தனை வருஷமாக நாங்கள் எதிர் வரிசையைப் பார்க்கிறோமே, எதிர் வரிசை எங்களைப் பார்க்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அம்மா சிரித்தார். “நான்தான் போறேன்” என்றார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார். “எனக்கு வீட்ட விட்டுப் போக மனசில்ல. ஆனா நான் வீட்ல இருக்கிற வரைக்கும் என் மக எங்கயும் போகமாட்டா. எத்தன வருஷமா ஏர்போர்ட்டுக்கு வரா தெரியுமா? ஒரு தடவகூட அவ ஏறினதில்ல. பாஸ்போட்டு கூட இல்ல. அடுத்தவங்க போறதப் பாத்துப் பாத்து கத சொல்றா. நான் அந்தப் பக்கம் போயிட்டா, அவளும் பெட்டியத் தூக்கிக்கிட்டு எங்கயாச்சும் போவா. அதான்.”

மக்சிக் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தேத்தண்ணி தளும்பி என் விரலைச் சுட்டது. அப்போதுதான் நான் நின்றுகொண்டே இருப்பது எனக்கு உறைத்தது. சுற்றிக்கொண்டு முன்னால் போனேன். மக்சிக் என்னைப் பார்த்ததும் எழுந்து, என் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, தன் கூட்டத்தைத் தேடிப் போய்விட்டார். நான் உட்கார்ந்தேன். அம்மாவிடம் கப்பைக் கொடுத்தேன்.

“உங்கள யாரும்மா போகச் சொன்னா?”

அம்மா கப்பை ஊதினார். “நீதான போகாதன்னு சொல்லல.”

“நீங்க பேரப்புள்ளைங்களோட இருக்க ஆசப்படுறீங்கன்னு நெனச்சேன்.”

“ஆசதான். மூணு மாச ஆச. அதுக்கு மேல அந்தப் புள்ளைங்களே என்னையத் தாங்காதுங்க.”

“அப்ப சேலையெல்லாம் ஏன் குடுத்தீங்க?”

“அலமாரில எடமில்லாம நீதான் உன் துணிய நாற்காலில குவிச்சு வைக்கிற. எத்தன வருஷமாப் பாக்கிறேன்.”

“ரூம ஏம்மா கூட்டுனீங்க? கெளம்புற அன்னிக்கு யாராச்சும் கூட்டுவாங்களா?”

அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார். “நான் போன பின்ன நீ கூட்டக்கூடாதுல்ல? ராத்திரி முழுக்க என் ரூமு குப்பையாக் கெடக்குமேன்னு, நான் போறதுக்கு முன்னாடியே கூட்டிட்டேன். இதுக்கா வர்ற வழியெல்லாம் காடில மூஞ்சத் தூக்கி வச்சிருந்த?”

நான் ஏர்போர்ட்டில் அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எப்படி அழுவார்கள், எந்தக் கையால் துடைப்பார்கள், எப்போது சிரிப்பார்கள் என்று சொல்லிப் பந்தயம் கட்டியிருக்கிறேன். அன்றைக்கு நானே அழுதேன். கையில் தே தாரேக் இருந்ததால் துடைக்கக்கூட முடியவில்லை. அம்மாதான் முந்தானையால் துடைத்தார். எதிர் வரிசையில் இருந்தவர்கள் நன்றாகப் பார்த்திருப்பார்கள்.

“எனக்கு எங்கயும் ஏறிப் போக வேணாம்மா. எனக்கு இங்க உங்க பக்கத்துல உக்காந்து, போறவங்க வரவங்களப் பாக்கத்தான் புடிக்கும். அதுதான் எனக்கு ஊர் சுத்துறது. நீங்க வந்துருங்க. மூணு மாசம் இருந்துட்டு வந்துருங்க” என்றேன். இவ்வளவு சொல்ல எனக்கு ஏர்போர்ட் வரை வர வேண்டியிருந்தது.

“சரி” என்றார் அம்மா. அப்புறம், “ஆனா பாஸ்போட்டு எடுத்து வை” என்றார்.

நேரம் வந்தது. தம்பி சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்திருந்தான். அம்மாவுக்குக் காலில் ஒரு கோளாறும் இல்லை. உள்ளே வழி தெரியாமல் நின்றுவிடுவார் என்று பயந்து செய்த ஏற்பாடு. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண்ணைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கோபம். “எனக்கென்னா காலா இல்ல?” என்றார் தமிழில். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து மனம் இரங்கி, மலாயில் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். என்னிடம் திரும்பி வரேன் என்று கையை ஆட்டினார். அந்த மூலை திரும்புகிறவரை அந்தப் பெண்ணிடம் ஏதோ பேசிக்கொண்டே போனார்.

வீட்டுக்கு வந்தேன். மறுநாள் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போன் வந்தது. இனி வீட்டைக் கூட்டலாம். கூடத்தைக் கூட்டினேன், சமையலறையைக் கூட்டினேன், அம்மாவின் அறை வாசலில் போய் நின்று, விளக்குமாற்றைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். நாளை நாளை என்று அது அப்படியே போனது. சம்பிரதாயம் அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

அம்மா வாரத்துக்கு இரண்டு முறை கூப்பிடுவார். பிள்ளைகள் நல்லா இருக்கு, குளுருது, மீன் நல்லா இல்லை. பெர்த் ஏர்போர்ட் பற்றி ஒரு பெரிய புகார் வைத்திருந்தார். “ஒருத்தருக்கு ஒருத்தர்தான் வராங்க. கட்டிப்புடிக்கிறாங்க, காடில ஏறிப் போயிடுறாங்க. உக்காந்து பாக்க ஒண்ணுமே இல்ல” என்றார். பாஸ்போட்டு எடுத்தியா என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். எடுக்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி வைத்தேன்.

மூன்றாம் மாதம் முடியும்போது தம்பி கூப்பிட்டான். “அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே லா. அப்புறம் பாத்துக்கலாம்” என்றான். நான் என்ன சொல்லியிருப்பேனோ, அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிவிட்டார். “நீ ஒண்ணும் சொல்லாத. வரேன்னு சொல்லிட்டுத்தான வந்தேன். டிக்கெட்டு போடச் சொல்லிட்டேன், இவன் என்னடான்னா ராகு காலம் இல்லாத ப்ளைட்டு கெடைக்கலங்கிறான். காலங்காத்தால வீட்ட விட்டுக் கெளம்பி ஏர்போட்டுல உக்காந்துக்கிறேன்னு சொல்லிட்டேன்.” பின்னால் தம்பி தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பது கேட்டது.

அம்மா வந்த அன்று நானும் ராகு காலத்துக்கு முன்பே கிளம்பினேன். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. வருகைக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து இரண்டு பேர் விளையாட்டையும் நானே ஆடினேன். எதிரே ஒரு பெண், கையில் குழந்தை, கதவையே பார்த்துக்கொண்டு. ‘புருஷன் வரமாட்டான்’ என்று என் மனம் சொன்னது. ‘வாய மூடு, புள்ளைக்குப் புதுச் சட்டை போட்டிருக்கா பாரு’ என்று அம்மாவின் குரலில் நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண்ணும் இடையிடையே என்னைப் பார்த்தாள். நானும் புதுச் சட்டைதான் போட்டிருந்தேன்.

அவள் புருஷன் வந்தான். நான் போய் எனக்கே ஒரு தே தாரேக் வாங்கிக்கொண்டேன்.

கதவு திறந்தது. முதலில் சக்கர நாற்காலி வந்தது. அதில் அம்மாவின் கைப்பையும் இரண்டு பொட்டலமும் உட்கார்ந்திருந்தன. ஏர்போர்ட் பையன் அவற்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். பக்கத்தில் அம்மா நடந்து வந்தார், குளிர் சட்டையும் சேலையுமாக, அவனிடம் ஏதோ கேட்டுக்கொண்டே. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிற கூட்டத்தை ஒரு சுற்று பார்த்தார். என்னைத் தேடினார் என்றுதான் நினைத்தேன். இல்லை, பூவோடு நின்ற ஒரு ஆளைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

கிட்டே வந்ததும் என் தலையைத் தொட்டார். “மெலிஞ்சிட்ட. வீட்டக் கூட்டி வச்சிருக்கியா?” என்றார்.

“எல்லாம் கூட்டிட்டேன். உங்க ரூம மட்டும் கூட்டல.”

“எப்ப இருந்து?”

“நீங்க போனதுல இருந்து.”

“மூணு மாசமாவா? பைத்தியம்.” அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் வரிசை ஆட்களைப் பார்ப்பாரே, அப்படி. பிறகு நாற்காலியிலிருந்து கைப்பையை எடுத்து என் தோளில் மாட்டினார். “வா, போவோம். நான் வந்துதான் கூட்டணும்.”